கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பையனை எடைபோடுவது

கிருஷ்ணகிரியில் நான் உதவியாளனாக இருக்கும் இளையோர் கால்பந்து அணியில், பருவம் முடிந்ததும் பயிற்சியாளரும் மூத்த ஆட்டக்காரர்களும் உட்கார்ந்து, அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று பேசுவது வழக்கம். சென்ற ஆண்டு அந்தப் பேச்சில், புதிதாக வந்து சேர்ந்திருந்த ஓர் இடது பேக் (இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவன்) பையனின் பெயர் வந்தது. "சான்ஸ் குடுத்தாச்சு மாஸ்டர், அவன் பிடிச்சுக்கல" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். பேச்சு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. வழக்கமான இடது பேக்குக்கு மாற்றாக, இடது காலில் நன்றாக உதைக்கிற வேறு பையன் எங்களிடம் இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் அவன் அணியில் நீடித்தான். யாரும் வன்மத்தோடு சொன்ன வார்த்தை இல்லை அது. சொன்னவர் எல்லாப் பையன்களையும் தன் தம்பிகளைப் போல நடத்துகிறவர். ஆனாலும் அந்த வார்த்தை அன்று முதல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம், அந்த வாய்ப்பு எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது என் கையிலிருந்த நோட்டில் எழுதியிருந்தது.

ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் எந்த நிமிடத்தில் உள்ளே போனார், அப்போது கோல் கணக்கு என்ன, எந்த இடத்தில் நின்றார் என்பதை நான் குறித்து வைக்கிறேன். அந்தப் பையனின் பெயருக்கு நேரே இருந்த குறிப்புகள் இப்படித்தான் இருந்தன: "61-வது நிமிடம், 0–2, வலது பக்கம்." "58, 3–0, நடுவில்." "64, 1–1, இடது பக்கம், மழை." இந்த வயதுப் பிரிவுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பாதிக்கு 35 நிமிடம் ஆடுவோம், ஆகவே 61-வது நிமிடம் என்றால் விசில் ஊத இன்னும் ஒன்பது நிமிடம் என்று பொருள். இடது பேக்காகப் பழகிய பையன் பாதி நேரம் வேறு இடத்தில் நின்றிருக்கிறான். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகோ, கைக்கு வந்துவிட்ட பிறகோ, அல்லது ஒரே ஒரு பிழை தோல்வியாகிவிடும் பதற்றத்திலோ உள்ளே போயிருக்கிறான். பருவம் முழுவதும் அவன் ஆடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அது ஒரு முழு ஆட்டத்துக்குக்கூட வரவில்லை. அதிலும் அந்த நேரம் தொடர்ந்து கிடைத்ததல்ல, துண்டு துண்டாகக் கிடைத்தது.

புதிய ஆட்டக்காரன் ஒருவன் களத்துக்குள் போனதும் முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவரை உட்கார்ந்திருந்த கால்கள். ஏற்கனவே ஓடி ஓடிச் சூடேறிய ஆட்டம். இரண்டு பக்கமும் பெயர் சொல்லிக் கத்துகிற குரல்கள். எதிரணியில் யார் வேகமானவன், யார் எந்தக் காலில் திரும்புகிறவன் என்பது எதுவும் தெரியாத நிலை. முதல் பந்து அவனிடம் வரும்போது அதை நிறுத்துவதா, அப்படியே அடித்துவிடுவதா என்ற முடிவை எடுப்பதற்குள் எதிராளி மேலே வந்துவிடுகிறான். அதனால் அடுத்த பந்தைப் பார்க்காமலேயே வெளியே அடிக்கிறான். "பாஸ் பண்ணுடா" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல். இப்படி ஏழெட்டு நிமிடம் போய், மூச்சு சீராகி, எதிராளியின் ஓட்டம் பிடிபடத் தொடங்கும் நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. ஆக, ஒரு பருவம் முழுக்க நாங்கள் பார்த்தது அவனுடைய ஆட்டத்தை அல்ல, அவனுடைய முதல் பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

இதை நான் பிறகு பயிற்சியாளரிடம் சொன்னபோது, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றார் அவர். பழமொழி சரிதான். ஆனால் உலை கொதித்து அரிசி வேகத் தொடங்கிய பிறகுதான் நாம் அந்த ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். அரிசியைப் போட்டவுடன் எடுத்துப் பார்த்தால் எந்தச் சோறும் பதமாக இருக்காது.

மெஸ்ஸி இரண்டு நிமிடத்தில் கோல் போட்டாரே

இந்த வாதத்துக்கு எப்போதும் வருகிற பதில் ஒன்று உண்டு. எங்கள் பேச்சிலும் வந்தது. திறமை இருக்கிறவன் ஒரு நிமிடம் கிடைத்தாலும் காட்டிவிடுவான், மெஸ்ஸியைப் பாருங்கள் என்பார்கள். உண்மைதான். 2004 அக்டோபர் 16 அன்று எஸ்பான்யோல் அணிக்கு எதிராக 82-வது நிமிடத்தில் டெக்கோவுக்குப் பதிலாக இறங்கித்தான் மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக முதல் லீக் ஆட்டம் ஆடினார். 2005 மே 1 அன்று அல்பசேட்டேவுக்கு எதிராக 88-வது நிமிடத்தில் எட்டோவுக்குப் பதிலாக வந்தார். ரொனால்டினோ கொடுத்த பந்தைக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார், ஆஃப்சைடு என்று கொடி எழுந்ததால் அது கோலாகவில்லை. சற்று நேரத்தில் அதே ரொனால்டினோ, அதே மாதிரி பந்து, அதே மாதிரி தூக்கிப் போட்டதில் முதல் கோல் கிடைத்தது. இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை. ஆனால் இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பருவம் முழுவதும் மெஸ்ஸி பார்சிலோனாவின் பி அணிக்காக, வளர்ந்த ஆண்கள் ஆடும் மூன்றாம் நிலைப் போட்டியில், தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். பெரிய அணியின் கடைசி நிமிடங்கள் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை. அவர் யார் என்பதை பயிற்சியாளர்கள் அறிந்தது அந்த நிமிடங்களால் அல்ல. எங்கள் இடது பேக் பையனுக்கோ கடைசி ஒன்பது நிமிடம் மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே வேறு ஆட்டமே கிடையாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறைய ஆட வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. 2020–21 பருவத்தில் பெட்ரி என்ற பதினெட்டு வயதுப் பையன் பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து 73 ஆட்டங்கள் ஆடினார். யூரோ கோப்பையும் ஒலிம்பிக்கும் ஒரே கோடையில். அடுத்த பருவத்தின் பெரும்பகுதி தொடைக் காயத்தில் போனது. அதிகமாகக் கொடுத்தால் உடம்பு உடைகிறது. துண்டு துண்டாகக் கொடுத்தால் மனம் உடைகிறது. எங்கள் வட்டாரத்தில் முதல் ஆபத்து அபூர்வம். இரண்டாவதுதான் ஒவ்வோர் ஆண்டும் பையன்களைக் களத்தை விட்டு அனுப்பிவைக்கிறது. அதுவும் கிரிக்கெட்டும் கபடியும் வாலிபாலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஊரில், கால்பந்துக்கென்று வருகிற பையன்களே குறைவு.

இடது பேக் வராத ஞாயிற்றுக்கிழமை

இந்த ஆண்டு தொடக்கத்தில் தர்மபுரியில் ஒரு நட்பு ஆட்டம். வழக்கமான இடது பேக்கின் ஊரில் மாரியம்மன் திருவிழா. அவன் வர முடியாது என்று முந்தைய இரவுதான் தகவல் சொன்னான். வேறு வழியின்றி அந்தப் பையன் முதல் நிமிடத்திலிருந்தே ஆடினான். முதல் இருபது நிமிடம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எதிரணியின் வலது விங்கில், அதாவது முன்களத்தின் வலது ஓரத்தில், ஒல்லியான, மிக வேகமான பையன் ஒருவன். இரண்டு முறை நம் பையனைத் தாண்டிப் போனான், இரண்டாவது முறை கோலாகிவிட்டது. பெஞ்சிலிருந்த ஒரு மூத்தவர் என் தோளைத் தொட்டு, "எடுத்துரலாம்ணா, பாவம்" என்றார். எடுத்துவிட்டு யாரைப் போடுவது? ஆள் இல்லை. அதனால் அவன் களத்தில் இருந்தான். இன்னொரு இடது பேக் அன்று பெஞ்சில் இருந்திருந்தால், இருபதாவது நிமிடத்தில் அவன் வெளியே வந்திருப்பான்; "பிடிச்சுக்கல" என்ற வார்த்தைக்கு இன்னொரு சான்று சேர்ந்திருக்கும்.

மாற்றம் நடந்தது ஒரு த்ரோவின்போது. ஆட்டம் அரை மணி நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் இருந்த கோடு எனக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில். பந்து மறுபக்கம் இருந்தது. அதுவரை பந்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், முதல்முறையாகத் தலையைத் திருப்பித் தன் பின்னால் நின்ற விங் பையனைப் பார்த்தான். பிறகு பந்து. மறுபடி பின்னால். மூன்றாவது முறை திரும்பியபோது இரண்டடி உள்ளே தள்ளி, உடம்பைக் கோட்டுக்குச் சாய்வாக வைத்துக்கொண்டான். இடது கால் முன்னே, வலது கால் சற்றுப் பின்னே. பந்து அவன் பக்கம் மாறி வந்தபோது, வேகமான பையனுக்கு உள்பக்கம் போக வழியில்லை. கோட்டோரம்தான் போக வேண்டியிருந்தது, அங்கே பந்து வெளியே உருண்டது. கைதட்டல் எதுவும் இல்லை. பெரும்பாலோர் கவனித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த விங் வழியாக எதிரணிக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. இரண்டாம் பாதியில் நம் பையன் தானே மேலே ஏறிப் போய் ஓரத்திலிருந்து கோல் முன்னால் இரண்டு நல்ல கிராஸ் கொடுத்தான். ஒன்று தலையில் பட்டு வெளியே போனது. ஆட்டம் 1–1. வண்டியில் திரும்பும்போது யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. நம் கோலைப் போட்டவனைப் பற்றித்தான் பேச்சு.

எனக்கு அந்த முப்பதாவது நிமிடம்தான் முக்கியம். அவனுக்குள் இல்லாத ஒன்று அன்று திடீரென்று முளைத்துவிடவில்லை. பயிற்சியில் அவன் அப்படித் திரும்பிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆட்டத்தில் அது வெளியே வர அரை மணி நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் முந்தைய ஆண்டு முழுவதும் அவனுக்கு ஒருமுறைகூடத் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவன் மறுபடி ஆடினான், சுமாராகத்தான் ஆடினான். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சுமாரான ஆட்டத்திலும் அவன் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

எதைப் பார்த்து எழுதுவது

கோல், கோலுக்கு உதவிய பாஸ் என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதியவர்கள் விஷயத்தில் நாம் ஏமாந்துபோவோம். கோல் என்பது அரிதாக நடப்பது. குறைந்த நிமிடம் ஆடியவனுக்கு ஒரு கோல் கிடைத்தாலும் கணக்கு வானத்துக்கு ஏறும், கிடைக்காவிட்டால் பூஜ்யத்தில் நிற்கும். தொண்ணூறு நிமிடத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கும் முறை இன்று எல்லாரிடமும் வந்துவிட்டது. ஆனால் கடைசியில் இறங்குகிறவன் களைத்துப்போன தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிரே ஓடுகிறான் என்பதால் முன்கள ஆட்டக்காரனின் கணக்கு அதில் பெருத்துத் தெரியும். தடுப்பாட்டக்காரனுக்கு நேர் மாறாக, ஆட்டம் சிதறிப்போன நேரத்தின் பிழைகள் எல்லாம் அவன் தலையில் விழும்.

பந்து வருவதற்கு முன் சுற்றிப் பார்ப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். இங்கிலாந்தின் முதல்நிலை லீக் நடுக்கள ஆட்டக்காரர்களைக் காணொளியில் பின்தொடர்ந்து, அதிகம் சுற்றிப் பார்க்கிறவர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகச் சேர்கின்றன என்று காட்டினார். ஃபிராங்க் லாம்பார்ட் அதில் முன்னணியில் இருந்தவர். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கோட்டோரம் நின்று ஒரு பையனை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் போதும். நான் இப்போது நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் குறிக்கிறேன்: பந்து வருமுன் பார்க்கிறானா; பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்கிறான்; பந்து மறுபக்கம் இருக்கும்போது எங்கே நிற்கிறான். கடைசியானதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பந்து தன்னிடம் இல்லாதபோது ஒருவன் எங்கே நிற்கிறான் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. இதையும் நான் முதல் பத்து நிமிடம் கழித்தே குறிக்கத் தொடங்குகிறேன்.

உடம்பு வளர்ச்சியும் இந்தக் கணக்கைக் குழப்புகிறது. பதினான்கு வயதில் மீசை அரும்பியவன் மெலிந்தவனைத் தோளால் தள்ளிவிட்டுப் போனால் அது திறமையாகத் தெரிகிறது. இரண்டே ஆண்டில் மெலிந்தவனும் வளர்ந்துவிடுவான். பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்தநாளை மே, ஜூன் என்று மாற்றி எழுதிய வழக்கம் இங்கே இன்னும் முற்றிலும் மறையாததால், பதிவேட்டை வைத்து வயதைக் கணக்கிடுவதும் சிரமம்.

பயிற்சியாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

நான் இவ்வளவு பேசினாலும், முடிவு எடுக்கிறவர் பயிற்சியாளர். அவர் முன்னால் இருக்கிற சிக்கல் சின்னதல்ல. எங்கள் பக்கம் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். பொங்கல், சுதந்திர தினம், ஊர்த் திருவிழா என்று இரண்டு நாளில் முடிந்துவிடும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் புதியவனுக்கு அரை மணி நேரம் கொடு என்று யாரிடம் சொல்வது? பதினொரு பேரின் ஓராண்டு உழைப்பை அவர் பணயம் வைக்க வேண்டும். அதுமட்டுமல்ல. காவேரிப்பட்டினத்திலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஒரு நாள்கூடப் பயிற்சியைத் தவறவிடாத பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய நிமிடங்களை எடுத்துத்தான் புதியவனுக்குக் கொடுக்க வேண்டும். "அவன் என்ன தப்பு பண்ணான், சொல்லுங்க" என்று பயிற்சியாளர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

இந்தச் சிக்கலை ஒரு பயிற்சியாளரின் நல்ல மனத்தின் மேல் விட்டால் தீராது என்பதை மற்ற நாடுகள் முன்பே கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1964-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற இளையோர் கால்பந்து அமைப்பு, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. மெக்சிகோவின் முதல்நிலை லீக்கில் ஒரு காலத்தில், குறிப்பிட்ட வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எல்லாம் சேர்த்து 1000 நிமிடம் கொடுக்காத கிளப்புக்குப் புள்ளி குறைக்கும் விதி இருந்தது. நம் நாட்டில் 2017-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அந்த ஆண்டு பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்களை மையமாக வைத்து இந்தியன் ஆரோஸ் அணியை, கிளப்புகள் ஆடும் ஐ-லீக்கில் இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3–0 என்று வென்றார்கள்; பருவ முடிவில் கடைசி இடம். ஆனால் கடைசியில் வந்தாலும் அந்த அணியைக் கீழ்நிலைப் போட்டிக்கு இறக்குவதில்லை என்று முன்பே முடிவாகியிருந்ததால், தோற்றபடியே ஆட அவர்களுக்கு நேரம் கிடைத்தது. ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அன்வர் அலி, சென்னையின் எஃப்.சி. அணிக்குப் பல ஆண்டுகள் ஆடிய ரஹீம் அலி என்று அதிலிருந்து இந்திய அணிக்கு வந்தவர்கள் பலர். அந்த அணியை 2022-இல் கலைத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தமே.

மாவட்ட அளவில் நமக்குத் தேவை ஒரு லீக். ஆறு அணிகள் போதும். தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு என்ற நிலை வந்தால் பயிற்சியாளரின் கை தானாகவே தளரும். ஓசூரிலிருந்து பையன்கள் பெங்களூருக்குப் போவதற்கு ஒரு காரணம் அங்கே கிடைக்கும் இந்தத் தொடர் ஆட்டம்தான். தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரைப் பையன்களுக்கு அந்த வசதியும் இல்லை. லீக் வரும்வரை சும்மா இருக்க முடியாது என்பதால், பயிற்சியாளரிடம் ஒரு யோசனையைச் சொன்னேன். நட்பு ஆட்டங்களில் புதியவருக்கு எத்தனை நிமிடம் என்பதை ஆட்டத்துக்கு முந்தைய நாளே முடிவு செய்துவிட வேண்டும். குறைந்தது தொடர்ச்சியாக முப்பத்தைந்து நிமிடம், அவன் பழகிய இடத்தில், பக்கத்தில் எப்போதும் ஒரே ஸ்டாப்பர் (நடுவில் தடுத்து ஆடுகிறவன்). இடையில் பிழை நடந்தாலும் எடுக்கக் கூடாது. வெளியே எடுத்தவரை மறுபடி உள்ளே அனுப்புவதை இளையோர் ஆட்டங்களில் அனுமதிக்கக் கால்பந்து விதியே இடம் கொடுக்கிறது. அதை எதிரணியோடும் நடுவரோடும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் வழக்கமான பையனுக்கும் நிமிடம் குறையாது. நட்பு ஆட்டங்களுக்குச் சரி என்றார். போட்டிகளுக்கு முடியாது என்றார். போட்டி விஷயத்தில் அவர் சொல்வது இப்போதைக்குச் சரி என்றே நானும் நினைக்கிறேன்.

தீராமல் நிற்பது இரண்டாவது கோல்கீப்பரின் நிலைமைதான். பேக், விங், நடுக்களம் எதற்கும் நிமிடத்தைப் பங்கிடலாம். கீப்பரைப் பாதியில் மாற்ற எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது, மாற்றினாலும் முப்பத்தைந்து நிமிடத்தில் அவனிடம் ஒரு பந்துகூட வராமல் போகலாம். எங்கள் இரண்டாவது கீப்பர் பையனுக்குப் பதினைந்து வயது. ஓராண்டாகப் பயிற்சியில் மட்டும் பந்து பிடிக்கிறான். அவனுக்கு இனி நட்பு ஆட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்று முழுதாகக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதல் கீப்பரின் அப்பாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பைப் பயிற்சியாளர் என்னிடம் விட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை மாலை அவரைப் பார்க்கப் போகிறேன்.